தம்பி பூட்டிய கணினி

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சங்கரன்கோவிலில் தறிகள் ஓடும் ஒரு தெருவில், வீட்டு முன்னறையிலேயே இருபது வருஷமாக அதைச் செய்து வருகிறேன். நான் வேலை பார்க்கும் கணினியைப் பொருத்தித் தந்தவன் என் தம்பி. கோயம்புத்தூரில் வேலையில் இருந்தவன், ஊரடங்கு நாட்களில் இங்கே வந்துவிட்டான். பாகம் பாகமாக வரவழைத்து, முன்னறைத் தரையில் போர்வையை விரித்து, இரண்டு நாள் குனிந்தபடியே உட்கார்ந்து வேலையை முடித்தான். பகலில் அவன் அலுவலக வேலைக்கு, மற்ற நேரம் எனக்கு. இயக்கினால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். நான் என் பெயரைச் சொடுக்கி உள்ளே போவேன். அதற்கு மேல் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவன்தான் இருந்தானே.

நான் அவனுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. அப்பா அம்மா இருவரும் போன பிறகு அவனைப் படிக்க வைத்தது நான். ராயகிரியில் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தனியாகப் போகவில்லை. மூன்று பேரும் இதே வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தோம். தம்பி மனைவி அதிகம் பேசாதவள். நான் வேலையில் இருந்தால் காப்பியை மேசை ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள்.

அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வாரம் ராயகிரிக்குப் போயிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து, முடிந்தால் வந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் லாரி மோதியது. மறுநாள் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, தெருவே கூடியிருந்தது. உடம்பு சரியில்லாத அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “நீ கூப்பிடாம இருந்திருந்தா எந் தம்பி இருந்திருப்பான்.”

மெதுவாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது. அவள் எழுந்து சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளுடைய அம்மா வந்து அழைத்துப் போனார். நான் வாசல் வரைகூடப் போகவில்லை. அவள் எண்ணையும் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டு வருஷம் எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருஷம் வைகாசியில் கணினி வேலைக்கு நடுவே தானாக அணைந்து எழ ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஒரு நாளைக்கே இரண்டு தடவை. ஒரு பெரிய புத்தகம் பாதியில் நின்றது. பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, மடியில் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பாகங்கள் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். மதர்போர்டில் இருக்கும் பயாஸ்தான் பழையதாம். கரண்ட் போட்டதும் முதலில் விழித்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடுவது அதுதான் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். போர்டு செய்த கம்பெனி அதற்குப் பிறகு பலமுறை புதுப்பித்திருக்கிறது, மெமரி சரியாக ஒத்துப்போகாத குறையைத் தீர்த்திருப்பதாகவும் போட்டிருக்கிறது, ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, தப்பான ஃபைலைப் போட்டாலோ போர்டு செத்துவிடும், யார் செய்தாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது என்றும் சொன்னார். கடைசியாக, “அப்படியே மொத்தமா ஃபார்மட்டும் அடிச்சிரலாமாக்கா? க்ளீனா இருக்கும்” என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் வரும் அந்த இன்னொரு பெயர் போய்விடும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதை யார் கையிலும் விட்டுவிட்டு வர முடியவில்லை. நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் படித்தேன். மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு ஒரு எழுத்தையும் விடாமல் படிக்கத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. நோட்டில் வரிசையாக எழுதிவைத்தேன். முதலில் போர்டின் சரியான பெயர். ஒரே பெயரில் இரண்டு விதமான போர்டு வந்திருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் திருத்த எண்ணைப் பார்க்காமல் ஃபைலை இறக்கக் கூடாது என்று போட்டிருந்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒயர்களையெல்லாம் தம்பி பாவு நூலால் கட்டியிருந்தான். ஊரடங்கில் கடை எதுவும் திறக்கவில்லை, பக்கத்துத் தறிக்கூடத்தில் கழிவு நூல் வாங்கி வந்திருப்பான். ஒவ்வொரு கட்டும் ஒரே அளவில், முனை கத்தரிக்கப்பட்டு இருந்தது. எண்ணைக் குறித்துக்கொள்ளப் போனவள், தகட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஃபைலை எடுத்தேன். பென்டிரைவைப் போர்டு படிக்கிற முறையில் துடைத்துத் தயார்செய்து, அதில் அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்டேன். பயாஸ் பக்கங்களில் இருந்த அமைப்புகளையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டேன். என் புத்தக வேலைகள் அத்தனையையும் வேறு இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தேன். தம்பியின் பெயருக்குள் போக எனக்குக் கடவுச்சொல் தெரியாது. அதனால் அவனுடையதை மட்டும் எடுக்க முடியவில்லை. இந்த வேலை டிஸ்க்கைத் தொடாது என்று படித்திருந்ததால் அதை நினைத்துப் பயப்படவில்லை.

யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. புதிதாக மாற்றினேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்து, அதற்கு மறுநாள் காலையில் வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை, தறிச் சத்தம் கேட்டால் போதும்.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கணினி எழும்போதே டெலீட் விசையைத் தட்டிக்கொண்டிருந்து பயாஸுக்குள் போய், ஃபைலைக் காட்டினேன். எழுதலாமா என்று கேட்டது. ஆமாம் என்று கொடுத்தேன். ஒரு பட்டை மெல்ல நிறைந்தது. அந்த நேரத்தில் எதையும் தொடக் கூடாது என்பதால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அறுபது சதவீதத்தில் நின்ற மாதிரி இருந்தது. பிறகு நகர்ந்தது. முடிந்ததும் தானாக அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்தது. மூன்று நிமிஷம் போலத் திரை இருட்டாகவே இருந்தது. தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு கம்பெனியின் சின்னம் வந்தது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அடுத்து வந்தது நீலத் திரை. இந்த டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, திறக்க மீட்புச் சாவியைக் கொடுக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் நாற்பத்தெட்டு எண்கள். அப்படி ஒரு எண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. அணைத்துப் போட்டேன். அதே நீலம்.

படித்த குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும், மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். பூட்டெல்லாம் பெரிய ஆபீஸ்களுக்கு இருக்கும், நமக்கில்லை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். கடைக்காரருக்குப் போன் செய்தேன். பெட்டியைக் கட்டியவர் அப்போதே பூட்டுப் போட்டிருப்பார், பயாஸ் மாறியதும் அது சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது என்றார். பிறகு, யார் கணக்கில் சிஸ்டத்தை ஏற்படுத்தினார்களோ அவர்களுடைய கணக்கில்தான் சாவி இருக்கும், அது கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். என் வேலைகள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. தம்பியுடையதை நானே என் கையால் பூட்டிவிட்டேன்.

இரண்டு நாள் பெட்டியைத் தொடவில்லை. அவனுடைய கணக்குக்குள் போக அவனுடைய போன் வேண்டும். அந்தப் போன் அவளிடம் இருந்தது. அவள் எண்ணை அழித்தவள் நான். அவளைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் தந்திருப்பார்கள், ஏன் கேட்கிறேன் என்றும் கேட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் காலை, என் போனில் தம்பியின் எண்ணை எடுத்தேன். அவனுடையதை மட்டும் நான் அழித்திருக்கவில்லை. அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லும், அதைக் கேட்டுவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அழுத்தினேன் போலிருக்கிறது.

மணி அடித்தது. நான்காவது மணியில் எடுத்தார்கள்.

“சொல்லுங்க மதினி” என்றாள் தம்பி மனைவி.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “இந்த நம்பர் இன்னும் இருக்கா?” என்பதுதான்.

“மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுதேன். விட்டா வேற யாருக்காவது குடுத்துருவாங்கல்லா.” பிறகு சொன்னாள், “அக்கான்னு பேரு வந்துச்சு. ஒரு நிமிஷம் எனக்குக் கையே ஓடல.”

நான் கணினியைப் பற்றிச் சொன்னேன். என்ன செய்தேன், எதைப் படிக்காமல் விட்டேன் என்பதையெல்லாம் அவளுக்குத் தேவையில்லாத அளவுக்குச் சொன்னேன். நிறுத்தினால் வேறு எதையாவது பேச வேண்டியிருக்கும் என்ற பயம். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அவனுடைய கணக்கின் கடவுச்சொல் தன்னிடம் இருப்பதாகவும், எண்களைப் போனில் சொன்னால் மாறிப்போகும் என்றும், மறுநாள் தானே வருவதாகவும் சொன்னாள்.

காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பதாகவும் அரை நாள் விடுப்பு சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். நான் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தம்பியின் போனில் அவனுடைய கணக்கைத் திறந்தாள். உள்ளே போக ஒரு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள், அதே போனுக்கு வந்தது. தம்பியின் போன் எண்ணை அவள் உயிரோடு வைத்திருக்காவிட்டால் அங்கேயே எல்லாம் நின்றிருக்கும். உள்ளே இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று அவன் முன்பு வைத்திருந்த பழைய லேப்டாப்புக்கானது. நீலத் திரையில் இருந்த அடையாள எழுத்துகளை நான் வாசிக்க, அவள் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாவதுதான் என்றாள்.

பிறகு அவள் வாசித்தாள், நான் அடித்தேன். ஒவ்வொரு எண்ணாக, அவசரமில்லாமல் வாசித்தாள். ஒரு தொகுதி முடிந்ததும் நான் அதைத் திருப்பிச் சொல்வேன், அவள் “ம்” என்பாள், அடுத்ததுக்குப் போவோம். ஆறாவது தொகுதியில் ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். திருப்பிச் சொல்லும்போது அவள் கண்டுபிடித்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுக்கவில்லை. நான் திருத்தும் வரைக்கும் காத்திருந்தாள். நாற்பத்தெட்டும் முடிந்து என்டரைத் தட்டியதும் நீலம் போய், அந்த இரண்டு பெயர்கள் வந்தன.

அவனுடையதைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். அவள் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. நான் நகர்ந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

உள்ளே அதிகம் எதுவும் இல்லை. அலுவலக ஃபைல்கள். கல்யாண மண்டபம் பிடித்த ரசீதின் படம். ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்க்க நிரப்பிய விண்ணப்பம், பாதியில் நின்றது. என் மூக்குக்கண்ணாடிச் சீட்டு. போர்வையில் பரப்பிய பாகங்களை மேலிருந்து எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்கள், ஒன்றில் என் கால் விரல்கள் தெரிந்தன. எங்கள் இருவருக்கும் அவன் எழுதிவைத்த ஒரு வரி எங்கேயாவது இருக்கும் என்று நாங்கள் தேடினோம், ஆனால் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி எதுவும் இல்லை. சாகப்போகிறோம் என்று தெரியாதவனுடைய கணினி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அத்தனையையும் அவளுக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, சொன்ன அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்றேன். சாவி தேவைப்பட்டதால்தான் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது சரியாகப் படவில்லை.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நீங்க சொல்லுததுக்கு முந்தியே நான் எனக்குள்ள அதைச் சொல்லிட்டேன் மதினி. போன் வந்த நிமிஷத்துல இருந்து அதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உங்க பக்கத்துல வந்து உக்காந்தேம்லா, ‘இல்லட்டி, நீ ஒண்ணும் பண்ணல’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன். வேற யாரு சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். “நீ ஒண்ணும் பண்ணலட்டி” என்றேன். இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் அந்த வார்த்தைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழுதாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருவரும் சாப்பிட்டுவிட்டு, நான் அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ராயகிரி பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

அதற்குப் பிறகு கணினி ஒருநாளும் அணையவில்லை. பாதியில் நின்ற புத்தகத்தை முடித்துக் கொடுத்தேன். டிஸ்க்கின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி ஒரு நகலைப் பீரோவிலும், இன்னொன்றை அவளிடமும் வைத்திருக்கிறோம். யாராவது பயாஸ் மாற்றுவதைப் பற்றிக் கேட்டால், கரண்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் முதலில் டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அதைச் சொன்னது எல்லோர் முன்னிலையிலும். மன்னிப்புக் கேட்டது முன்னறையில், அவள் ஒருத்தியிடம். கூடியிருந்த தெருவை மறுபடி கூட்ட முடியாது. அவளுடைய அம்மாவை மட்டுமாவது பார்க்க முடியும். ஆடி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். அது அவன் போன அதே ரோடு. லாரி மோதிய இடம் எது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், மூடவில்லை. ஒரு புளியமரமும், கரும்பு வயலும், ஒரு வாய்க்கால் பாலமும். பஸ் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனது.

வீட்டில் அவளும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அவள் என்னை எதிர்பார்க்கவில்லை. நான் உட்காருவதற்கு முன்னாலேயே அவள் அம்மாவிடம், “அத்தை, அன்னைக்கு உங்க முன்னாடி நான் உங்க பிள்ளையைச் சொன்னது அநியாயம். உங்க முன்னாடியே சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்” என்றேன்.

அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகவா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“இவ மூணு மாசம் ராத்திரி தூங்கல” என்றார். “நான் பக்கத்துலயே கெடந்தேன். அதை நான் மறக்க மாட்டேம்மா. மறந்துட்டேன்னு பொய் சொல்ல வரமாட்டேங்கு.”

நான் தலையை ஆட்டினேன். அதை அவர் மறக்க வேண்டும் என்று கேட்கவும் நான் வரவில்லை.

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுக்களை வாசலில் நின்று, மகளிடம், உலையில் இன்னொரு உழக்கு அரிசி சேர்த்துப் போடச் சொன்னார்.